சும்மா பின்னாடி ஓடுற பாட்டு

மைக் செட் கடையில் எப்போதும் முதல் கேள்வி ஒன்றுதான். "என்ன விசேஷம்?"

மங்கலம்பேட்டை கடைத்தெருவில் ஒரு மத்தியானம் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு பையன் முழித்துக்கொண்டு நின்றான். பி.காம். கடைசி வருஷம். அவன் பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து ஆறு வருஷம் கழித்து ஒரு மாத லீவில் வந்திருந்தார். கூடப் படித்தவர்கள் பத்துப் பேரை அன்று ராத்திரி வீட்டு மாடிக்குக் கூப்பிட்டிருந்தார். அங்கே நண்பர்கள் வீடுகளில் பார்த்த மாதிரி எலுமிச்சை, புதினா, சோடா, ஐஸ் எல்லாம் வைத்து, நல்ல கண்ணாடி டம்ளரில் காக்டெயில் கலந்து கொடுக்க வேண்டும் என்று ஆசை. பாட்டுக்குத் தம்பி பொறுப்பு. "சும்மா பின்னாடி ஒரு மியூசிக் ஓடணும்டா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஐஸ் வாங்க விருத்தாசலம் கிளம்பிவிட்டார்.

"விசேஷம்னு ஒண்ணும் இல்ல பாய். அண்ணனோட ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க."

"பொறந்த நாளா?"

"இல்ல பாய்."

"புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறீங்களா?"

"அது போன வருஷமே ஆயிடுச்சு."

"அப்புறம் எதுக்குத் தம்பி பாட்டு?"

கேள்வி நியாயமானது. மைக் செட்காரர்களைப் பொறுத்தவரை பாட்டு என்பது விசேஷத்தில் கூடமாட வேலை செய்யும் ஓர் ஆள். கல்யாணம் என்றால் விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டோடு குழாய் ஸ்பீக்கர் கண் விழிக்கும். பெண்ணை மேடைக்கு அழைத்து வரும்போது 'பாசமலர்' (1961) படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடியது. மருமகள் வீட்டு வாசற்படி ஏறும்போது 'சாரதா' (1962) படத்துப் பாட்டு. முஸ்லிம் வீட்டு விசேஷம் என்றால் நாகூர் ஈ.எம்.ஹனிபாவின் குரல் மைக்கே தேவையில்லாத மாதிரி தெருமுனை வரை வரும். காதுகுத்துக்கு ஒரு அடுக்கு, மஞ்சள் நீருக்கு ஒரு அடுக்கு. ரெக்கார்டாக இருந்தது கேசட் ஆகி, சி.டி. ஆகி, கடைசியில் சுண்டுவிரல் அளவு பென்டிரைவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வரிசை மட்டும் பெரிதாக மாறவில்லை.

இதன் சௌகரியம் ஊரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு தெரு தள்ளி அடுப்படியில் நிற்கிற ஒரு அம்மா, பாட்டை வைத்தே "பொண்ணு வந்தாச்சு போல, கிளம்பலாம்" என்று புடவை மாற்றப் போவார். கடிகாரம் பார்க்க மாட்டார். யோசித்தால் இது பின்னணி இசையே இல்லை, அறிவிப்பு. இதே மாவட்டத்துச் சிதம்பரத்துக்குப் போனாலும் அதே கதைதான். சுவாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் மல்லாரி. கோயில் மரபில் நைவேத்தியம் வரும்போது வாசிக்கத் தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி என்று தனித்தனியாக உண்டு. கேட்கத் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு வேலையும் நம் மரபில் இசைக்கு உண்டு. கெட்டிமேளம். தாலி ஏறும் நேரத்தில் ஒரு தும்மலோ, அச்சானியமான பேச்சோ யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது, அதனால்தான் அந்த இடி என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆக, இசை அறிவிக்கும், இல்லையென்றால் மூடி மறைக்கும். பத்துப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகிற மூன்றாவது வேலைக்கு மைக் செட் கடையில் பென்டிரைவ் கிடையாது.

குடியோடு சேர்ந்த பாட்டுக்குச் சுத்தமாகக் கிடையாது. அதற்குச் சரித்திரக் காரணமே இருக்கிறது. 1937இல் சேலத்தில் ராஜாஜி ஆரம்பித்த மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது, 2003இல் சில்லறைக் கடையும் அதன் கைக்கே போனது. இத்தனை திறப்பு மூடலில் ஒன்று மட்டும் மாறவில்லை: குடிப்பது வீட்டுக்கு வெளியே, வீட்டுக்குத் தெரியாமல் செய்கிற காரியம். தோப்பில், கரும்புக் கொல்லை ஓரத்தில், மிஞ்சிப் போனால் லைட்டை அணைத்துவிட்டு மொட்டை மாடியில். ஒளிந்து செய்கிற காரியத்துக்கு யாராவது பாட்டுப் போடுவார்களா?

சினிமாவில் போட்டார்கள். தமிழனுக்கு வீட்டு விருந்து என்றால் மனசில் வருவது அறுபதுகளின் கறுப்பு வெள்ளைக் கூடமும் கலர் கூடமும்தான். கோட்டு போட்டவர்கள் நிற்பார்கள், நாயகி பாடுவார். 'புதிய பறவை' (1964) பார்த்தவர்களுக்குப் புரியும். ஆனால் அந்தக் காட்சிகளில் ஒருவராவது பேசுவாரா என்றால் மாட்டார். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்பார்கள். பி.சுசீலா பாடினால் வேறு என்ன செய்ய முடியும். அது விருந்து இல்லை, கச்சேரி.

சரி, பையனிடம் வருவோம். அவன் போனில் முதலில் போட்ட லிஸ்டும் இதே தப்பைத்தான் செய்தது. இளையராஜா, ரஹ்மான், நடுவில் கொஞ்சம் யுவன். எல்லாம் ஹிட்டு. நாலு மணி நேரம் ஓடும். கல்யாண ரிசப்ஷன்களில் ஆர்கெஸ்ட்ரா ஸ்பீக்கர் பக்கத்தில் சாப்பாட்டுப் பந்தி போட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பத்து வருஷம் கழித்துப் பார்க்கிற மாமா, "நல்லா இருக்கியா?" என்று வாயசைப்பார், பதிலுக்குத் தலையாட்ட வேண்டும், அவரும் தலையாட்டுவார். அந்தப் பத்து வருஷம் அத்தோடு பைசல்.

லிஸ்டை முடித்துவிட்ட திருப்தியில் இருந்தவனுக்கு மார்க்கெட்டிங் பாடத்தில் எப்போதோ படித்த ஒரு பத்தி ஞாபகம் வந்தது. கடையில் போடுகிற பாட்டு வியாபாரத்தை எப்படி மாற்றுகிறது என்று ரொனால்ட் மில்லிமன் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1982இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சில நாள் மெதுவான இசை, சில நாள் வேகமான இசை என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். மெதுவான நாட்களில் ஜனங்கள் நிதானமாக நடந்தார்கள், விற்பனை வேகமான நாட்களைவிட 38.2 சதவிகிதம் கூடுதல். 1986இல் இதையே ஒரு ரெஸ்டாரெண்டில் செய்தார். மெதுவான இசையில் மேசைக்காரர்கள் சுமார் 56 நிமிஷம் உட்கார்ந்தார்கள், வேகமான இசையில் 45. சாப்பாட்டு பில்லில் பெரிய வித்தியாசம் இல்லை. பார் பில்லில்தான் இருந்தது: 21.62 டாலர் ஆன இடத்தில் 30.47 டாலர்.

1993இல் அரேனி, கிம் என்ற இருவர் ஒயின் கடையில் செய்தது இன்னும் வேடிக்கை. மேற்கத்திய சாஸ்திரீய இசை ஓடும்போது ஆட்கள் அதிக பாட்டில் வாங்கவில்லை, விலை கூடின பாட்டிலாக வாங்கினார்கள். 1997இல் இங்கிலாந்தில் ஒரு கடையில் பிரெஞ்சு இசை ஓடிய நாளில் பிரெஞ்சு ஒயினும், ஜெர்மன் இசை ஓடிய நாளில் ஜெர்மன் ஒயினும் முந்தின. பாட்டு காரணமா என்று கேட்டால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் இல்லவே இல்லை என்றார்களாம். (துணிக்கடையில் பாட்டு ஏன் ஓடுகிறது என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டாம்.)

பின்னணி இசை என்ற சரக்கே இப்படி விற்பனைக்காகவும் வேலை வாங்கவும் வளர்ந்ததுதான். ஜார்ஜ் ஓவன் ஸ்கொயர் என்ற அமெரிக்க ராணுவ ஜெனரல் கம்பி வழியாக இசை அனுப்புகிற தொழிலை ஆரம்பித்தார். அதற்கு 1934இல் வைத்த பெயர் மியூசாக். மியூசிக் பாதி, அப்போது பிரபலமாக இருந்த கோடக் பாதி. தொழிற்சாலைத் தொழிலாளி சோர்ந்து போகாமல் இருக்க, கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறும்படி பாட்டுகளை அடுக்கி, அடுத்த கால் மணி நேரம் மௌனம் விடுகிற ஏற்பாட்டை அந்த கம்பெனி பிற்பாடு கொண்டு வந்தது. 2013இல் மியூசாக் என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். சரக்கு இருக்கிறது, லேபிள்தான் போயிற்று.

இதையெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தவன் ஒரு ஆய்வில் வந்து நின்றான். 2008இல் நிக்கோலா கெகென் என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு பார்களில் சத்தத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார். வழக்கமான 72 டெசிபல், பிறகு 88 டெசிபல். வந்தது நாற்பது ஆண்கள். சத்தம் கூடினபோது ஒருவர் சராசரியாகக் குடித்தது 2.6 கிளாஸிலிருந்து 3.4 ஆனது. ஒரு கிளாஸ் காலியாக ஆன நேரம் பதினாலரை நிமிஷத்திலிருந்து பதினொன்றரை நிமிஷத்துக்கு இறங்கியது. அதற்கு அவர்கள் யோசித்த காரணம் இரண்டு. சத்தம் உடம்பைப் பரபரப்பாக்குகிறது என்பது ஒன்று. பேச முடியவில்லை, அதனால் குடிக்கிறார்கள் என்பது இன்னொன்று.

இரண்டாவது காரணத்தை எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் நம்பலாம். பேச முடியாத இடத்தில் கைக்கு இருக்கிற ஒரே வேலை டம்ளர்.

பையனுக்கு இங்கேதான் வயிற்றைக் கலக்கியது. வரப்போகிற பத்துப் பேரில் ஆறு பேர் வண்டியில் வருகிறவர்கள். பாதிப் பேர் விருத்தாசலம் பக்கம், பாதிப் பேர் உளுந்தூர்பேட்டை பக்கம். ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த ரோட்டில் லாரிகள் எப்படி வரும் என்பது ஊர் அறிந்தது. பத்தாவது ஆளோ குடியை விட்டு ஒரு வருஷமும் சொச்சமும் ஆனவர். அவரைக் கூப்பிட வேண்டுமா என்று பெரியம்மாவே கேட்டார். "அவன் இல்லாம என்னம்மா, ஒண்ணாங்கிளாஸ்லேருந்து ஒண்ணா இருந்தவன்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அவரும் வருகிறேன் என்றார். எலுமிச்சை ஜூஸ் போதும் என்றார். பேச்சு இருந்தால் ஜூஸோடு உட்கார்ந்துவிடலாம். பேச்சு இல்லாத இடத்தில் ஒன்பது பேர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு ஜூஸோடு எவ்வளவு நேரம் உட்கார முடியும்?

வணிகவியல் படிக்கிறவனுக்குக் கணக்கு சட்டென்று புலப்பட்டது. இத்தனை ஆய்வும் கடைக்காரன் பக்கத்து ஆய்வு. இரண்டாவது கிளாஸ் அவனுக்கு வரவு. வீட்டுக்காரனுக்கோ அது செலவு, அதோடு பயம். அதனால் கடைக்காரன் கண்டுபிடித்ததை வீட்டில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, பார்த்துப் பார்த்துத் தலைகீழாக்க வேண்டும். சத்தம் கூடாது, அது சுலபம். வேகம்தான் குழப்பம். மெதுவான இசை ஆட்களை நிதானப்படுத்தி உட்கார வைக்கும், அது வேண்டும். உட்கார்ந்தவர்கள் மில்லிமன் கணக்குப்படி அதிகம் குடிப்பார்கள், அது வேண்டாம். இதற்குப் பாட்டில் மருந்து இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டான். ஒன்பது மணிக்குக் கலக்குவதை நிறுத்திவிட்டுப் பரோட்டாவை எடுத்துவிடலாமா என்று கேட்டான். "உன்னைப் பாட்டுப் போடச் சொன்னா பந்தி பரிமாறச் சொல்றியா?" என்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அடுத்து, என்ன பாட்டு. சத்தத்துக்கு நடுவில் ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொள்கிற திறமை மனிதக் காதுக்கு உண்டு. காலின் செர்ரி 1953இல் இதை ஆராய்ந்து எழுதியபோது வந்த பெயரே காக்டெயில் பார்ட்டி பிரச்சினை. ஆனால் காதுக்குள் போகிற இரண்டாவது குரல் புரிகிற மொழியில், தெரிந்த வரிகளில் இருந்தால் மனசு அதன் பின்னால் ஓடும். பேச்சோ பாடுகிற குரலோ பின்னால் இருந்தால் ஞாபக வேலை கெடுகிறது, வெறும் வாத்தியம் அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை என்று 1989இல் சலாமே, பேட்லி இருவரும் சோதனை செய்து காட்டினார்கள். அதனால் வாத்தியம்.

வாத்தியம் என்றவுடன் ரிசப்ஷன் புத்தி சினிமாப் பாட்டை சாக்ஸபோனில் வாசித்ததைத் தேடும். அது இன்னும் மோசம். வரி இல்லாத இடத்தை ஆட்கள் தாங்களே நிரப்புவார்கள், "இது எந்தப் பாட்டு, நாக்கு நுனியில இருக்கு" என்று பேச்சு நின்று விடுகதை ஆரம்பமாகிவிடும். நாதஸ்வரம் திறந்த வெளிக்கென்றே பிறந்தது, மாடியில் போட்டால் எதிர் வீட்டுக்காரர் என்ன முகூர்த்தம் என்று கேட்பார். வீணை வீட்டுக்குள் வாழ்ந்த வாத்தியம். சிட்டிபாபுவை எடுத்துக்கொண்டான். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வேண்டாம் என்று வைத்தான். அவர் வேகம் பிடிக்கிற இடத்தில் யாராக இருந்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள், அவரைப் பின்னால் ஓடவிடுவது மரியாதையும் இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) பற்றியும் அதே முடிவு. 'நத்திங் பட் விண்ட்' (1988) கொஞ்சம் யோசனைக்குப் பிறகு உள்ளே வந்தது, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலுக்காக. அப்புறம் ஸ்டான் கெட்ஸும் ஜோவா ஜில்பெர்ட்டோவும் சேர்ந்து 1964இல் வெளியிட்ட பிரேசில் இசை ஆல்பம். அதில் குரல் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் போர்ச்சுகீஸ். மங்கலம்பேட்டையில் போர்ச்சுகீஸ் குரலும் ஒரு வாத்தியம்தானே. பக்திப் பாட்டு எந்த மதத்தினுடையதும் பக்கத்திலேயே வரக் கூடாது என்று உறுதியாக இருந்தான்.

மறுபடி கடைக்குப் போனபோது பாய் சின்னதாக இரண்டு ஸ்பீக்கர் எடுத்து வைத்திருந்தார். ஒன்று போதுமே என்றான். "ஒண்ணு வெச்சா, தூர இருக்கறவருக்குக் கேக்கணும்னு பக்கத்துல இருக்கறவர் காதைக் கிழிப்பே. ரெண்டு மூலையிலயும் வை. சுவத்தப் பாத்துத் திருப்பி வை. அப்புறம் யாருக்குக் காது மந்தமோ அவங்க சேர்ல போய் நீ உக்காரு. அங்க இருந்து பக்கத்துல ஒரு ஆளைப் பேசச் சொல்லு. பேச்சு புரியற வரைக்கும் சவுண்டைக் கொறை." முப்பது வருஷம் வேப்ப மரத்தில் குழாய் கட்டியவர். கெகென் படித்தவர் இல்லை. வயதானவர்களுக்குச் சத்தம் கேட்காமல் இல்லை, சத்தத்துக்குள்ளிருந்து பேச்சைப் பிரித்தெடுப்பதுதான் கஷ்டம் என்று காது டாக்டர்கள் சொல்வதும் இதுதான்.

ஏழு மணிக்கு ஆரம்பித்தது. முதல் அரை மணி நேரம் புத்தகத்தில் எழுதி வைத்த மாதிரி நடந்தது. வீணை ஓடியது, யாரும் கவனிக்கவில்லை. போனில் டெசிபல் காட்டுகிற ஆப் 50, 52 என்றது. (அந்த ஆப்களை முழுசாக நம்ப முடியாது. சட்டப்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45, ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கியே கூடாது, 2000ஆம் வருஷ விதி. நம்மூர்த் திருவிழாக்களுக்கு இதை யாராவது படித்துக் காட்டினால் நல்லது.)

அப்புறம் ஒருவர் எழுந்து வந்தார். "டேய் தம்பி, என்னடா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. ராஜா பாட்டு போடுறா." போனை அவரே வாங்கி, அவரே தேடி, அவரே சத்தத்தை ஏற்றினார். எண்பதுகளின் ஒரு பாட்டு. அவ்வளவுதான், பத்துப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். சரணத்தில் தப்பு வந்தது, சண்டை வந்தது, பாடியது எஸ்.பி.பி.யா மனோவா என்று பந்தயம் வந்தது. பையன் ஓரமாக நின்று பல்லைக் கடித்தான். ஆனால் கணக்குப் பார்க்கிற கண் வேறு ஒன்றையும் கவனித்தது. அந்த ஐந்து நிமிஷம் ஒருவர் கையும் டம்ளருக்குப் போகவில்லை. வாய்க்கு வேறு வேலை இருந்தது. எந்த ஆய்வில் இதைச் சேர்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

1920இல் பாரிஸில் எரிக் சாட்டி என்ற இசையமைப்பாளருக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். மேசை நாற்காலி மாதிரி சும்மா இருக்கிற இசை என்று ஒன்றை எழுதி, நாடக இடைவேளையில் வாசிக்க வைத்தார். வெளியே போய்க்கொண்டிருந்த ஜனங்கள் இசை கேட்டதும் அவசரமாகத் திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். "பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள்" என்கிற ரீதியில் அவர் கத்திக்கொண்டு ஓடினாராம். கேட்காதே என்றால் கேட்பதும், கேள் என்றால் பேசுவதும் மனுஷ சுபாவம் போல.

பாட்டு முடிந்தது. ஆப் தன் இஷ்டத்துக்கு அடுத்ததை எடுத்துப் போட்டது. சீர்காழி கோவிந்தராஜன். கணீரென்று. பிள்ளையார் பாட்டு.

ஒருவர் டம்ளரைப் பூந்தொட்டிக்குப் பின்னால் வைத்தார். ஒருவர் காலிலிருந்து செருப்பு தானாகக் கழன்றது. கீழேயிருந்து பெரியம்மா, "என்னடா நடக்குது மேல?" என்று குரல் கொடுத்தார். பையன் பாய்ந்து நிறுத்துவதற்குள் விநாயகர் பாதி மாடியை ஆசீர்வதித்துவிட்டார். தானாக அடுத்த பாட்டுக்குப் போகிற வசதியை அணைத்து வைக்காமல் எந்த வீட்டிலும் விருந்து ஆரம்பிக்கக் கூடாது என்பதை அவன் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

வீணையை மறுபடி போட்டுப் பத்து நிமிஷம் இருக்கும், பள்ளிவாசலில் இஷா தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். அண்ணன் பார்த்தார், யாரும் சொல்லாமலே தம்பி நிறுத்திவிட்டான். ஊரில் அது பழக்கம். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று இல்லை, பாங்கு சொன்னால் பாட்டை நிறுத்துவார்கள்.

இசை நின்றதும்தான் எல்லோரும் எவ்வளவு கத்திக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்களுக்கே கேட்டது. சுற்றிலும் சத்தம் இருந்தால் குரல் தானாக ஏறும். எட்டியன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் 1911இல் எழுதி வைத்து, அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ராஜா பாட்டுக்காக ஏறிய குரல்கள் வீணைக்கும் இறங்காமல் அங்கேயே நின்றிருந்தன. இப்போது ஒவ்வொன்றாக இறங்கின. பாங்கு முடிந்தது. யாரோ நாற்காலியைப் பக்கத்தில் இழுத்தார். ஜூஸ்காரர், அதுவரைக்கும் சிரித்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தவர், அண்ணனைப் பார்த்து, "மொத மூணு மாசம்தான்டா ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்றார்.

பையன் விரல் பிளே பட்டனுக்கு மேலே இருந்தது. எடுத்துவிட்டான்.

அவர் நெடுநேரம் பேசினார். தூக்கமில்லாத ராத்திரிகள், கை நடுக்கம், பழைய சிநேகிதர்கள் கடைத்தெருவில் பார்த்தால் ஒதுங்கிப் போனது. "நான் விட்டதுக்கு அவனுங்க ஏன்டா ஓடணும்?" என்று அவர் கேட்டபோது ஒதுங்கிப் போன இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொருவர், "உன் எதிர்ல குடிக்க வெக்கமா இருந்துச்சுடா, வேற ஒண்ணும் இல்ல" என்றார். பேச்சு அதற்கப்புறம் வேறு எங்கெங்கோ போனது, ஒரு வாத்தியாரின் பிரம்பு, செத்துப்போன ஒரு சிநேகிதன், சிங்கப்பூரில் வாடகை. இருபது நிமிஷம் கழித்துப் பையன் புல்லாங்குழலை முன்னைவிடச் சின்னதாக ஆரம்பித்தான். ஆரம்பித்தது யாருக்கும் தெரியவில்லை.

ஒன்பது மணிக்குப் பரோட்டா வந்தது. பத்துக்குக் கால் மணி இருக்கும்போது ஸ்பீக்கரை அணைத்தான். மூன்று வண்டிச் சாவிகள் பெரியம்மாவிடம் தங்கின, அந்த வண்டிக்காரர்களை ஜூஸ்காரர் தன் வண்டியில் ஒவ்வொருவராகக் கொண்டுபோய் விட்டார். மூன்று நடை. கடைசி நடை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அண்ணனுக்குப் போன் பண்ணினார்.

மறுநாள் காலையில் ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனான்.

"என்ன பாட்டுப்பா போட்ட?"

"வீணை, புல்லாங்குழல்... ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது பாய். பிள்ளையார் பாட்டு மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்."

பாய் எதற்கு என்று கேட்கவில்லை. வாடகை நோட்டைப் புரட்டி, நேற்றைய தேதிக்கு நேராக விசேஷம் என்ற கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தார். பேனாவை எடுத்து 'சும்மா' என்று எழுதிவிட்டு, "இருநூறு ரூபா குடு" என்றார்.